மறுபடியும் ஏன் நெருப்பு?



கிறிஸ்து பிறப்பு விழாவிலிருந்து எண்ணினால் இன்று நாற்பதாம் நாள். பெப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. சற்று முன்பு மெழுகுதிரிகளை மந்திரித்து, வாசலிலிருந்து பவனியாக உள்ளே வந்தோம். நமுனுகுலைப் பக்கமிருந்து வீசிய காற்று பாதித் திரிகளை அணைத்துவிட்டது. திரி அணைந்தவர்கள் பக்கத்தில் வந்தவரின் திரியில் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். தோட்டத்தின் மேல் டிவிஷனா கீழ் டிவிஷனா என்று யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பீடத்துக்கு வந்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

இன்றைய நற்செய்தி ஒரு பயணத்தின் கதை. இளம் கணவன், மனைவி, தாயின் கையில் நாற்பது நாள் குழந்தை. பெத்லகேமிலிருந்து எருசலேமுக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர்தான். ஆனால் பிள்ளை பெற்று நாற்பது நாளான ஒரு பெண்ணுக்கு மலைப்பாதையில் அது எவ்வளவு தூரம் என்று இங்கே இருக்கும் தாய்மாரைக் கேட்டால் தெரியும். எருசலேம் மலைமேல் இருக்கும் நகரம். அன்றைக்கு அது உரோமையரின் அதிகாரத்துக்கு அடங்கிக் கிடந்தது. அந்நியர் ஆண்ட அந்த மலை நகரத்துக்குத்தான் நாசரேத்தூர்த் தச்சரும் அவர் மனைவியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போகிறார்கள்.

போவதற்குக் காரணம் மோசேயின் சட்டம். தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் அது ஆண்டவருக்கு உரியது. ஐந்து செக்கேல் வெள்ளி கொடுத்து அதை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று எண்ணிக்கை நூல் சொல்கிறது. தாயின் தூய்மைச் சடங்குக்கு ஓர் ஆட்டுக்குட்டி வேண்டும், வசதி இல்லாதவர்களுக்கு இரண்டு புறாக்கள் போதும் என்கிறது லேவியர் நூல். புனித லூக்கா ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. புறாக்களை மட்டும் சொல்கிறார். யோசேப்பின் மடியில் எவ்வளவு காசு இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். அட்வான்ஸ் எடுத்து விழாக் கொண்டாடும் நமக்கு அந்த வீட்டைப் பற்றி வேறு விளக்கம் வேண்டியதில்லை.

சகோதர சகோதரிகளே, திருமணமான உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருவரும் கடைசியாக எப்போது சேர்ந்து ஒரு பயணம் போனீர்கள்? சாவு வீட்டுக்குப் போனதைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனதையும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பாதையைப் பார்த்துக்கொண்டு போனது எப்போது?

இந்தக் கேள்வியை எனக்குத் தந்தது நமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம். இருவரும் இந்தத் திருப்பலியில் இருக்கிறார்கள். “சொல்லுங்க பாதர், யாருக்காவது உதவும்” என்று அவர்களே சொன்னார்கள். பெயர் வேண்டாம்.

சென்ற வருடம் அவர்களுக்குத் திருமண வெள்ளிவிழா. கணவர் முன்பு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், இப்போது பதுளை டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறார். அந்த அம்மா கொழுந்து எடுத்தவர். நடுவில் இரண்டு தடவை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தார். நம் லயங்களில் எத்தனையோ கதவுகளுக்குப் பின்னால் இதே கதை இருக்கிறது. அனுப்பிய பணம் எந்தக் கடையில் கரைந்தது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். திரும்பி வந்தபோது வீட்டில் பெரிய சண்டை நடக்கவில்லை. சண்டை இருந்தாலாவது பேச்சு இருந்திருக்கும். “அப்பாட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு.” “அம்மாகிட்ட சொல்லு, நான் அப்புறம் திங்கிறேன்னு.” எல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்குள் இரண்டு பேர் வருடக்கணக்கில் அப்படி வாழ்ந்தார்கள்.

அந்த அம்மாவுக்குப் பாட்டி வழியில் வந்த ஒரு சோடி வெள்ளித் தண்டை உண்டு. நம் பாட்டிமார் கொழுந்து மலைக்கே தண்டையும் காப்பும் போட்டுப் போனவர்கள். பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். வங்கி தெரியாத காலத்தில் சேமிப்பெல்லாம் உடம்பில்தான் இருந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது அடகுக் கடைக்குப் போகும், கிறிஸ்மஸுக்கு முன்னால் எப்படியாவது வீடு திரும்பும். மனைவி குவைத்தில் இருந்தபோது அவருக்குத் தெரியாமல் கணவர் அதை அடகு வைத்துவிட்டார். பிறகு குடியை விட்டு, த்ரீவீல் ஓடிச் சேர்த்த காசில் வட்டியும் முதலும் கட்டி மீட்டுக்கொண்டு வந்து, மேசைமேல் வைத்தார். அந்த அம்மா எடுத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிவிழா நெருங்கியபோது கணவர்தான் கேட்டார். அந்தத் தண்டையை உருக்கி ஆளுக்கொரு மோதிரம் செய்துகொள்ளலாமா என்று. பதுளையில் நகைக்கடை இல்லாமல் இல்லை. ஆனால் பல கடைகளில் பழைய வெள்ளியை எடைக்கு எடுத்துக்கொண்டு வேறு மோதிரத்தைக் கொடுத்துவிடுவார்கள். பாட்டியின் வெள்ளியே மோதிரமாக வேண்டுமானால் கண்முன்னால் உருக்கிச் செய்கிறவர் வேண்டும். கண்டியிலிருந்து குண்டசாலைப் பக்கம் போனால் நத்தரம்பொத்தயில் கலாபுரய என்று கைவினைஞர் கிராமம் ஒன்று இருக்கிறது. வெள்ளி வேலை, பித்தளை வேலை செய்யும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. வண்டியில் ஏறிய யாரோ ஒருவர் அதைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஒரு விடியற்காலையில் இரண்டு பேரும் தங்கள் த்ரீவீலிலேயே புறப்பட்டார்கள். இருபத்தைந்து வருடத்தில் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அல்லாமல் அவர்கள் சேர்ந்து போன முதல் பயணம் அதுதான்.

ஹாலிஎல, வெலிமடை, நுவரெலியா, றம்பொடை, புசல்லாவை, கம்பளை, பேராதனை. கண்டியையும் பதுளையையும் சேர்க்கும் பழைய பாதை. தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த நம் முன்னோர், அதற்குமேல் மலைமலையாகப் பிரிந்து நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இருவர் அந்த மலைகளை எதிர்த்திசையில் கடந்தார்கள். றம்பொடைக்கு மேலே, வெளிநாட்டுப் பயணிகள் இறங்கித் தேநீர் குடிக்கும் இடம் ஒன்றில் நிறுத்தினார்கள். அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்து, பீங்கான் கோப்பையைக் கையில் எடுத்து, நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். “எத்தனை வருஷம் எடுத்தேன் பாதர், இந்தக் கொழுந்து இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாது. நமக்கு ஸ்டோர்ல குடுக்கிறது தூள்தானே” என்றார். எனக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

நத்தரம்பொத்தயில் ஒரு சிறிய பட்டறை. வயதான சிங்களத் தட்டார் ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்டி அரசர் காலத்தில் அரண்மனைக்கும் விகாரைகளுக்கும் வெள்ளியும் பித்தளையும் வார்த்த கைகளின் தொழில் அது. 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தார்கள், அரண்மனை கொடுத்த வேலை அதோடு போயிற்று. பிறகு அதே ஆங்கிலேயர் மலைகளை வெட்டிக் கோப்பி நட்டு நம் முன்னோரைக் கொண்டு வந்தார்கள். ஒரே கை இரண்டு சனங்களின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அவர்களின் பிள்ளைகள் இப்போது ஒரு தண்டையை நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

தட்டார் தண்டையைத் துண்டாக்கி மூசையில் போட்டார். வெங்காரம் தூவி நெருப்பைக் கூட்டினார். வெள்ளி உருக 961 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். உருகியதை ஓர் அச்சுப் பள்ளத்தில் ஊற்றினார். விரல் நீளத்துக்கு ஒரு கட்டி கிடைத்தது. பிறகு அதைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் அடித்தார், பிறகு நிறுத்திவிட்டு மறுபடி நெருப்பில் காட்டினார். பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் வைத்துச் சூடு காட்டினார், வெள்ளி மங்கலாகச் சிவக்கிற அந்த நேரம் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாதாம். சிவந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டார். கறுத்துப்போய் வெளியே வந்தது. புளிப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்ததும் வெளுத்தது. மறுபடி அடித்தார். மறுபடி நெருப்பு.

அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருமுறை உருக்கியாயிற்றே, மறுபடியும் ஏன் நெருப்பு என்று கேட்டார். அவருக்குச் சிங்களம் அவ்வளவாக ஓடாது. கணவர் கேட்டுத் தட்டாரின் பதிலைத் தமிழில் சொன்னார்: “அடிக்க அடிக்க வெள்ளி இறுகிப் போகுமாம். இறுகினதை மேலும் அடிச்சா வெடிச்சிருமாம். சூடு காட்டினாத்தான் இளகுமாம்.”

பல வருடங்களுக்குப் பிறகு பிள்ளைகள் யாரும் நடுவில் இல்லாமல் அவர் மனைவியிடம் பேசிய முதல் நீண்ட பேச்சு அதுதான்.

சகோதர சகோதரிகளே, இன்றைய முதல் வாசகத்தில் மலாக்கி இறைவாக்கினர் நம்மைக் கொஞ்சம் பயப்படுத்துகிறார். ஆண்டவர் திடீரெனத் தம் கோவிலுக்கு வருவார், அவர் வரும் நாளை யார் தாங்க முடியும், அவர் புடமிடுகிறவரின் நெருப்பைப் போன்றவர், வெள்ளியைத் தூய்மையாக்க அமர்ந்திருப்பார் என்கிறார். இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தலை குனிந்துவிடுகிறது. என் பாவங்களுக்குத் தண்டனை வரப்போகிறது என்றுதான் நெருப்பு என்ற சொல் நம் காதில் விழுகிறது. ஆனால் அந்தப் பட்டறையில் பாருங்கள். தட்டார் வெள்ளியை வெறுத்து நெருப்பில் காட்டவில்லை. அது வெடித்துவிடக் கூடாது என்றுதான் காட்டினார். எவ்வளவு சூடு போதும், எந்த நேரத்தில் எடுக்க வேண்டும் என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். உருகி ஓடவும் விடவில்லை, இறுகிக் கிடக்கவும் விடவில்லை.

நம் மனது இறுகிப்போனது எப்போது? மெதுவாக யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் அப்படி ஆகியிருக்காது. மழையில் நனைந்து எடுத்த கொழுந்துக்கு அரைப்பேர் போட்டு அரைநாள் கூலி மட்டும் தந்த நாளில் கொஞ்சம். மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பக் காசில்லாமல் நின்ற நாளில் கொஞ்சம். மகள் கொழும்புக்கு வேலைக்குப் போய் தொலைபேசி எடுக்காத இரவுகளில் கொஞ்சம். 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் கேட்டு 2021வரை காத்திருந்த வருடங்களில் நிறைய. நம் சனம் முழுவதுமே அடிபட்ட சனம். 1948இல் குடியுரிமை போனது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் மேசையில் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று பிரித்துக்கொண்டன. அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். அவர்களை ஏற்றிக்கொண்டு போன இரயிலுக்கு நம் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

இவ்வளவு அடிகளுக்குப் பிறகு மனம் இறுகாமல் இருக்க முடியுமா? முடியாது. யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இறுகிப்போன மனதைப் பலமான மனது என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அதைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். “நான் எதுக்கும் அழமாட்டேன் பாதர்” என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்கப் பயமாக இருக்கும். அடுத்த அடி எங்கே வெடிக்கும் என்று தெரியாது. பெரும்பாலும் அது வீட்டுக்குள்தான் வெடிக்கிறது. துரையிடம் காட்ட முடியாத கோபம் மனைவியின் முதுகில் விழுகிறது. கடன்காரனிடம் காட்ட முடியாதது பிள்ளையின் கன்னத்தில் விழுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தட்டாரின் சுத்தியல் தட்டாருடையது. ஆனால் நம்மேல் விழுந்த அடிகளையெல்லாம் ஆண்டவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். குடித்துவிட்டுக் கணவன் ஓங்கிய கையை “ஆண்டவர் என்னைப் புடம் போடுகிறார்” என்று எந்தப் பெண்ணும் சொல்லித் தாங்கிக்கொள்ள வேண்டாம். அது பாவம், அடித்தவனின் பாவம். எடுத்த கொழுந்துக்குக் கூலியைக் குறைப்பது அநியாயம். சரியும் மலைக்குக் கீழே சனங்களை வைத்திருப்பதும் அநியாயம். அந்த அடிகளில் ஆண்டவரின் கை இல்லை. அவருடைய கை எங்கே இருக்கிறது என்றால், அடிபட்டு இறுகியதை எடுத்து, வெடிக்கும் முன் இளக்குகிற இடத்தில் இருக்கிறது. அடிக்கு ஆளானவர்கள் உதவி தேடி வெளியே வருவதும் அவர் விருப்பம்தான். அப்படி வருகிறவர்களுக்கு இந்தப் பங்கு மனையின் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும்.

அப்படியானால் அந்த நெருப்பு எப்படி வருகிறது? மலாக்கி சொன்னபடியே ஆண்டவர் தம் கோவிலுக்கு வந்தார். எருசலேமின் பெரிய குருக்களுக்கு அவர் வந்தது தெரியவில்லை. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. ஏழைத் தம்பதி ஒன்றின் கையில், பால் மணம் மாறாத குழந்தையாக வந்தார். நாம் பயந்து பயந்து எதிர்பார்த்த புடநெருப்பு சிமியோன் தாத்தாவின் கைகளில் தூங்கியது. அதற்காகவே அவர் ஆயுள் முழுவதும் காத்திருந்தார். கையில் வாங்கியதும் இனி எனக்குப் போதும், நான் நிம்மதியாகப் போகலாம் என்று ஆண்டவரைப் புகழ்ந்தார்.

பக்கத்திலேயே அன்னா பாட்டி. அவரைப் பற்றி லூக்கா சொல்வது கொஞ்சம்தான், ஆனால் நான் ஒவ்வொரு வருடமும் அங்கே நின்றுவிடுவேன். கன்னிப் பருவத்தில் திருமணமாகி ஏழே வருடம் கணவரோடு வாழ்ந்தார். பிறகு கைம்பெண். எண்பத்து நான்கு வயது. அந்தக் காலத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணின் மேல் எத்தனை அடி விழுந்திருக்கும்! இறுகிப்போக அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவர் இறுகவில்லை. இரவும் பகலும் ஆண்டவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அதனால்தான் அந்தக் குழந்தையை அடையாளம் காணவும், மீட்புக்காகக் காத்திருந்த எல்லோரிடமும் போய்ச் சொல்லவும் அவரால் முடிந்தது. நமது ஆலயத்தின் முன்வரிசையிலும் அப்படிச் சில அன்னாக்கள் இருக்கிறார்கள். அவர்களின் செபத்தில்தான் இந்தப் பங்கு நிற்கிறது.

நம் மறைமாவட்டத்துக்கும் அப்படி இளகிய மனதுள்ள ஒரு தந்தை கிடைத்தார். ஆயர் லியோ நாணயக்கார கண்டியின் ஆயராக இருந்தவர். 1972இல் கண்டியிலிருந்து பிரித்துப் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, பெரிய மறைமாவட்டத்தை விட்டு இந்தச் சிறிய, வசதியற்ற இடத்துக்கு முதல் ஆயராக வந்தார். 1982இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அவருக்கும் முன்பு, 1692இல், புனித யோசேப்பு வாஸ் கண்டிக்குப் போனார். ஒற்றர் என்று சந்தேகித்து அவரைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்த பிறகு, தம்மைச் சிறை வைத்த அந்த நகரத்திலேயே அம்மை நோயாளிகளைக் கையால் தொட்டுப் பராமரித்தார். 1711இல் அங்கேயே இறந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நம்மில் பலர் அங்கே இருந்தோம்.

அந்தத் தம்பதிக்குத் திரும்புகிறேன். மோதிரங்களை வாங்கிக்கொண்டு கண்டி புனித அந்தோனியார் பேராலயத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, உறவினர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் திரும்பினார்கள். றம்பொடை வளைவுகளில் நல்ல மழை. வண்டியை ஓரங்கட்டி, சாத்தியிருந்த ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். மழை விட வெகுநேரமாயிற்று. அங்கே வைத்துத்தான் கணவர் தண்டையைப் பற்றியும், குவைத்திலிருந்து வந்த பணத்தைப் பற்றியும், அந்த வருடங்களைப் பற்றியும் பேசியிருக்கிறார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மா அழுததாக மட்டும் சொன்னார். “ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அழுதேன் பாதர். நெஞ்சு லேசாயிருச்சு.” எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆறாத காயங்கள் இருக்கின்றன. தட்டார் எத்தனை தடவை அந்த வெள்ளியை நெருப்பில் காட்டினார் என்பதைப் பார்த்தவர்கள் அல்லவா அவர்கள்! பொறுமையாகத்தான் போகிறார்கள். ஆனால் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

அன்பானவர்களே, மனம் இறுகி, வெட்கப்பட்டு, இனி நான் எதற்கும் ஆகமாட்டேன் என்று யாராவது இங்கே உட்கார்ந்திருந்தால் உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். சட்டப்படி ஐந்து செக்கேல் வெள்ளிக்கு மீட்கப்பட வேண்டிய குழந்தையாக ஆண்டவர் கோவிலுக்கு வந்தார். முப்பது வெள்ளிக்காசுக்கு நண்பர் ஒருவரால் விற்கப்பட்டார். வெள்ளியால் அளக்கப்படுவதும் விற்கப்படுவதும் என்னவென்று அவருக்குத் தெரியும். இரண்டாம் வாசகத்தில் கேட்டோம், அவர் நம்மைப் போல இரத்தமும் சதையும் கொண்டார், தாமே சோதிக்கப்பட்டுத் துன்பப்பட்டதால் சோதிக்கப்படுகிறவர்களுக்கு உதவி செய்ய வல்லவராக இருக்கிறார். வெளியே நின்று நெருப்பை ஊதுகிறவர் அல்ல அவர். நமக்கு முன்னால் அதற்குள் இறங்கியவர். நம்மை மீட்க வெள்ளியையும் பொன்னையும் அல்ல, தம் இரத்தத்தையே கொடுத்ததாகப் புனித பேதுரு எழுதுகிறார். அவ்வளவு விலை கொடுத்து மீட்டவர் நம்மை ஒரு மூலையில் தூக்கிப் போடுவாரா? இருபது வருடம் பூட்டிக் கிடந்தாலும் உங்களை அவர் மறக்கவில்லை.

இன்று மந்திரித்த மெழுகுதிரியை வீட்டுக்குக் கொண்டு போங்கள். இன்று இரவு கரண்ட் இருந்தாலும் கொஞ்ச நேரம் அதை ஏற்றி, குடும்பமாக அதன் முன்னால் உட்காருங்கள். பெரிய செபம் எதுவும் வேண்டாம், ஓர் அருள்நிறை மரியே போதும். பிறகு கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து, இத்தனை நாள் பிள்ளைகள் வழியாகச் சொன்ன ஏதாவது ஒன்றை நேரடியாகச் சொல்லுங்கள். கடினமாக இருந்தால் சாப்பாட்டைப் பற்றியாவது பேசுங்கள்.

வரும் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணியிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்காக ஆலயத்தில் உட்கார்ந்திருப்பேன். கடைசி ஆள் போகும்வரை எழுந்திருக்கமாட்டேன். பல வருடமாக வராதவர்கள் வாருங்கள், எப்படித் தொடங்குவது என்று மறந்திருந்தால் நான் சொல்லித் தருகிறேன். ஆலயத்தில் திருமணம் மந்திரிக்காமல் வாழ்கிறவர்களும் வாருங்கள், அதைப் பற்றி யாரும் உங்களைக் கேவலமாகப் பேசமாட்டார்கள். தம்பதிகளாக வந்து பேச விரும்புகிறவர்கள் பங்கு மனைக்கு வாருங்கள். மேல் டிவிஷன்காரர்களுக்கு ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். உபதேசியாரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நானே உங்கள் லயத்துக்கு வருகிறேன். ஆமென்.